நூறு டாலர் சிடியும் ஸ்லாசன் மனையும்

2013 அக்டோபர் 8. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ராப் பாடகர் 'கிரென்ஷா' என்ற தன் புது மிக்ஸ்டேப்பை, அதாவது பாட்டுத் தொகுப்பை, இணையத்தில் இலவசமாகப் போட்டார். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதே பாட்டுகள் அடங்கிய சிடியை, அதே நாளில், ஒன்று 100 டாலர் என்று விற்பனைக்கும் வைத்தார். அடித்தது 1000 பிரதிகள்தான். ஒரே நாளில் எல்லாம் தீர்ந்தன. அவற்றில் 100 பிரதிகளை வாங்கியவர் புகழ்பெற்ற ராப் பாடகர் ஜே-ஸீ.

நிப்ஸி ஹஸில் என்ற பெயர் வந்தாலே இந்தக் கதைதான் முதலில் வரும். கேட்பவர்கள் ஜே-ஸீ கொடுத்த பத்தாயிரம் டாலரில் வாய் பிளப்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனக்கு அந்தப் பத்தாயிரத்தைவிட மீதி 900 பிரதிகள்தான் முக்கியம். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு நூறு டாலர் கொடுக்க அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? அந்தப் பணம் யாருக்கும் பங்கு போகாமல் எப்படி அவர் கைக்கே வந்தது? இரண்டாவது கேள்விக்கு விடை ஒப்பந்தப் பத்திரங்களில் இருக்கிறது. முதல் கேள்விக்கு விடை ஒரு தெருமுனையில் இருக்கிறது.

அந்தத் தெருமுனை, சவுத் லாஸ் ஏஞ்சலஸில் கிரென்ஷா பூல்வார்டும் ஸ்லாசன் அவென்யூவும் சந்திக்கும் இடம். கறுப்பினத்தவருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் அந்த நகரம் முழுக்க இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் கறுப்பினக் குடும்பங்களும் ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களும் கிரென்ஷா பக்கம் பெருமளவில் வீடு வாங்க முடிந்தது. தொழிற்சாலைச் சம்பளத்தில் எழுந்த நடுத்தரப் பகுதி அது. பிறகு தொழிற்சாலைகள் போயின. பக்கத்து சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. வேலை போன இடத்தில் கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருள் வந்தது. 1960களின் கடைசியில் இளைஞர் கூட்டங்களாகத் தொடங்கிய கிரிப்ஸ் போன்ற கும்பல்கள் அந்த வியாபாரத்தில் ஆயுதக் குழுக்களாக முற்றின. 1992 ஏப்ரலில், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் வழக்கின் தீர்ப்பையொட்டி நகரம் எரிந்தபோது எர்மியாஸ் அஸ்கெடோமுக்கு ஆறு வயது. அவர்தான் பின்னாளில் நிப்ஸி ஹஸில்.

1985 ஆகஸ்ட் 15இல் பிறந்தவர். அப்பா எரித்ரியாவிலிருந்து வந்தவர், அம்மா கறுப்பின அமெரிக்கர். பள்ளியைப் பாதியில் விட்டார். பதின்ம வயதில் ரோலின் சிக்ஸ்டீஸ் என்ற கிரிப்ஸ் பிரிவில் சேர்ந்தார். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை, வேஷம் போட்டு விற்கவும் இல்லை. 2004இல் அப்பாவோடும் அண்ணன் ஸாமியேலோடும் எரித்ரியா போய் மூன்று மாதம் இருந்தார். கடைக்காரரிலிருந்து அதிபர்வரை எல்லோரும் தன்னைப் போன்ற தோற்றத்தில் இருக்கும் ஒரு நாட்டைப் பார்த்தது தன் புத்தியையே மாற்றியது என்று பின்னர் பேட்டிகளில் சொன்னார். திரும்பி வந்த மறுவருடம், 2005இல், முதல் மிக்ஸ்டேப் வந்தது. பெயரிலேயே ஸ்லாசன் இருந்தது.

மிக்ஸ்டேப் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அவர் பாதையின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. பெரிய பாடகர்களின் பீட்டை (பாட்டின் பின்னணி இசையை) எடுத்து, அனுமதி கேட்காமல், அதன்மேல் தன் வரிகளைப் பாடிச் சுற்றுக்கு விடுவதுதான் அந்நாளைய மிக்ஸ்டேப். சொந்த பீட்டும் கலந்து இருக்கும். ஸ்டூடியோச் செலவு குறைவு, பீட் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் உரிமை வாங்காத இசை என்பதால் அதை முறைப்படி கடைக்கு அனுப்ப முடியாது. அதனால் அது இலவச விளம்பரமாகவோ கார் டிக்கியிலிருந்து கைக்குக் கை விற்கும் சரக்காகவோதான் இருக்கும். நிப்ஸியும் அண்ணனும் ஸ்லாசன் முனையின் வாகன நிறுத்துமிடத்தில் அப்படித்தான் சிடி விற்றார்கள். போலீஸ் விரட்டும். மறுநாள் திரும்ப வந்து நிற்பார்கள்.

கலிஃபோர்னியாவுக்கு இது புதிதல்ல. ஓக்லாண்டில் டூ ஷார்ட் 1980களின் தொடக்கத்திலேயே காசெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் விற்றவர். வல்லேஹோவில் ஈ-40 குடும்பத்தாரோடு சேர்ந்து சொந்த லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வைத்தார். ஹாலிவுட்டில் மாக்கோலா என்றொரு கம்பெனி, பணத்தைக் கட்டினால் யாருடைய இசைத்தட்டையும் அடித்துக் கொடுத்தது. வெஸ்ட் கோஸ்ட் ராப்பின் முதல் தலைமுறை அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. நியூயார்க்கின் பெரிய லேபிள்கள் தங்களைத் தேடி வராது என்று தெரிந்த ஊர்க்காரர்கள் தாங்களே கடை போட்டார்கள். நிப்ஸி அந்தப் பரம்பரையில் வந்தவர்.

ஆனாலும் எல்லோரையும் போல அவரும் ஒரு பெரிய லேபிளுக்குள் போய்ப் பார்த்தார். 2008, 2009இல் வந்த மிக்ஸ்டேப் வரிசை அவர் பெயரை லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே கொண்டுபோனது. எபிக் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தமும் வந்தது. முழு ஆல்பம் எதுவும் வெளிவராமலே 2010இல் அங்கிருந்து வெளியேறினார். பெரிய லேபிள்களில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். ஒருவரை ஒப்பந்தம் செய்த அதிகாரி வேலை மாறிப் போய்விடுவார். புதிதாக வருபவருக்குப் பழையவரின் ஆட்களில் அக்கறை இருக்காது. ஆல்பம் கிடப்பில் கிடக்கும். ஒப்பந்தம் கையைக் கட்டியிருப்பதால் பாடகர் வேறு இடத்திலும் பாட முடியாது. இருபத்தைந்து வயதுக்குள் வெளியே வர முடிந்தது அவருடைய பெரிய அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

அந்த ஒப்பந்தங்களின் கணக்கைப் பார்த்தால்தான் அடுத்து அவர் செய்தது புரியும். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. ஒலிப்பதிவு மற்றொன்று, அதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். பெரிய லேபிளின் வழக்கமான ஒப்பந்தத்தில் மாஸ்டர் லேபிளுக்குப் போய்விடும். புதிய பாடகருக்கு ராயல்டி பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். முன்பணம் 1,00,000 டாலர், ஒலிப்பதிவுச் செலவு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 1,50,000 டாலரைப் பாடகர்தான் தீர்க்க வேண்டும். அதுவும் மொத்த வருமானத்திலிருந்து அல்ல, தன்னுடைய அந்த 15 சதவீதத்திலிருந்து. கணக்குப் போட்டால், ராயல்டிக்கு அடிப்படையான விற்பனை பத்து லட்சம் டாலரைத் தொடும்வரை பாடகருக்கு ஒரு டாலர்கூட வராது. வீடியோச் செலவில் பாதி, சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த பணம் என்று அந்தக் கடன் ஏறிக்கொண்டே போகும். கடன் முழுவதும் தீர்ந்த பிறகும் மாஸ்டர் லேபிளுடையதே. இது நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு, விலையையும் தானே உழுது அடைப்பது போன்றது. விநியோக ஒப்பந்தம் வேறு மாதிரி, அது குத்தகை. விநியோகஸ்தர் கடைகளுக்கும் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார், சராசரியாக 15 முதல் 30 சதவீதம் எடுத்துக்கொள்வார், காலம் முடிந்ததும் மாஸ்டர் உரியவரிடமே திரும்பும்.

மாஸ்டர் கையில் இருந்தால் சின்னச் சின்ன வழிகளிலும் பணம் வரும். அமெரிக்காவில் இணைய வானொலிக் கட்டணத்தை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்துப் பங்கிடுகிறது. 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைப் பாடகருக்கு, 5 சதவீதம் மற்ற இசைக் கலைஞர்களுக்கான நிதிக்கு. பாடகரே உரிமையாளராகவும் இருந்தால் 95 சதவீதம் ஒரே வீட்டுக்கு வரும். லேபிளுக்கு எழுதிக் கொடுத்தவருக்கு 45தான்.

எபிக்கை விட்டு வந்தவர் 'ஆல் மணி இன்' என்ற தன் சொந்த லேபிளில் 2010 டிசம்பரில் 'தி மாரத்தான்' மிக்ஸ்டேப்பை இலவசமாக வெளியிட்டார். அடுத்த மூன்று வருடமும் இலவசம்தான். பாட்டு தெருவுக்குத் தெரு போய்ச் சேர்ந்தது. அந்த மூன்று வருடத்தில் அவர் சேர்த்தது ஆட்களை. தான் சொல்வது தங்கள் வாழ்க்கையைத்தான் என்று நம்புகிற ஆட்கள். அந்த நம்பிக்கைக்கு விலை வைக்கும் யோசனை அவருக்கு ஒரு விற்பனைப் புத்தகத்தைப் படித்தபோது கிடைத்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு உணவகம் நூறு டாலருக்கு ஒரு சாண்ட்விச் விற்ற கதை அதில் வருகிறது. வாங்கியவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்கள் பல மடங்கு அதிகம். 'கிரென்ஷா' சிடிக்கு நூறு டாலர் விலை வந்தது அப்படித்தான். பெருமையோடு கொடுப்பவர்கள் கொடுக்கட்டும் என்பதையே அந்த விற்பனைக்குப் பெயராகவும் வைத்தார்.

ஆயிரம் பிரதி, தலா நூறு டாலர், மொத்தம் ஒரு லட்சம். அன்றைய ஐடியூன்ஸில் பத்து டாலர் ஆல்பம் விற்றால் ஆப்பிள் 30 சதவீதம் எடுத்துக்கொண்டு ஏழு டாலர் கொடுக்கும். அந்த வழியில் ஒரு லட்சம் பார்க்க 14,000க்கு மேல் விற்க வேண்டும். பெரிய லேபிள் வழியில் ஒரு பிரதிக்கு ஒன்றரை டாலர் ராயல்டி என்றால் 66,000க்கு மேல் விற்க வேண்டும், அதுவும் முதலில் கடனுக்குத்தான் போகும். இவருக்கோ சிடியும் அட்டையும் அடிக்கப் பிரதிக்குச் சில டாலர் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இதே போல இறங்கியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். காரணம், விலையை மட்டும் பார்த்தார்கள், அதோடு சேர்த்து அவர் கொடுத்ததைப் பார்க்கவில்லை. பிரதிகளில் அவருடைய கையெழுத்து இருந்தது. வாங்கியவர்களுக்கென்று தனிக் கச்சேரி இருந்தது. ஆயிரத்துக்கு மேல் அடிக்க மாட்டேன் என்ற உறுதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் இல்லாதவரை அவர் வெளியே நிறுத்தவில்லை. அதே இசை அவருக்கும் முழுதாக, அதே நாளில் கிடைத்தது. இலவசத்தை நிறுத்திவிட்டு விலையை ஏற்றியிருந்தால் பேட்டைக்காரர்களே முகம் திருப்பியிருப்பார்கள். 2014 டிசம்பர் 31இல் 'மெயில்பாக்ஸ் மணி'யை 100 பிரதி, தலா 1000 டாலர் என்று வைத்தபோதும் இலவசப் பதிவு கூடவே இருந்தது. இந்த முறையும் முழுக்க விற்றால் அதே ஒரு லட்சம்தான் என்பதைக் கவனியுங்கள்.

மிக்ஸ்டேப் பாதையில் ஒரு முட்டுச்சந்தும் உண்டு. உரிமை வாங்காத இசையை ஸ்ட்ரீமிங் தளத்தில் வைத்தால் எந்த நேரமும் நீக்கப்படலாம், வருமானம் வேறொருவர் கணக்குக்குப் போகலாம். முறையான ஆல்பம் என்று வந்தால் எடுத்தாளும் ஒவ்வொரு பழைய இசைத்துண்டுக்கும் (சாம்பிள்) இரண்டு அனுமதி வேண்டும், இசையமைப்பின் உரிமையாளரிடம் ஒன்று, ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று. நிப்ஸியின் 'விக்டரி லேப்' ஆல்பத்தில் ஒரு பாட்டு, ஜே-ஸீயின் 1998 பாட்டு ஒன்றின்மேல் கட்டப்பட்டது. ஜே-ஸீயின் அந்தப் பாட்டே 1977இல் மேடையேறிய ஒரு பிராட்வே இசை நாடகப் பாட்டின்மேல் கட்டப்பட்டது. ஆக, ஸ்லாசன் தெருவைப் பற்றிய வரிகள் வெளியே வர, நாற்பது வருடத்துக்கு முந்தைய நாடகப் பாட்டின் உரிமைக்காரர்வரை போயாக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பாட்டு போச்சு. ஒருவர் அதிகப் பங்கு கேட்டாலும் எழுதியவருக்கு மிஞ்சுவது சொற்பம்.

இதைவிடச் சாதாரணமான, ஆனால் அதிகம் பேரைக் கவிழ்க்கிற காகிதம் ஒன்று இருக்கிறது. பாட்டு முடிந்த அன்றே, ஸ்டூடியோவிலேயே, வரி எழுதியவர், பீட் செய்தவர், இடையில் வந்து பாடியவர் என்று யாருக்கு எத்தனை சதவீதம் என எழுதிக் கையெழுத்து வாங்கும் பங்குத் தாள். பாட்டு ஓடாதவரை யாரும் அதைத் தேட மாட்டார்கள். ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் மொத்தப் பங்கும் 100ஐத் தாண்டி 130க்கு நிற்கும். தகராறு தீரும்வரை வசூல் அமைப்பு பணத்தை நிறுத்திவைக்கும். நண்பர்களாகச் சேர்ந்து பாடத் தொடங்கிய குழுக்களில் இது சகஜம், ஏனென்றால் நண்பனிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சம்.

'விக்டரி லேப்' பல வருடம் தள்ளிப்போய் 2018 பிப்ரவரி 16இல் வந்தது. இந்த முறை அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் கூட இருந்தது. இதை வைத்து அவர் சுயேச்சைக் கலைஞரே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. முன்பு எபிக்கில் கையெழுத்துப் போட்டபோது அவரிடம் கேட்கும் பலம் இல்லை. அட்லாண்டிக்கோடு பேசியபோது சொந்த லேபிள், சொந்தப் பாட்டுகளின் பட்டியல், சொந்தக் கடை, எந்த விலையையும் கொடுக்கத் தயாரான ரசிகர்கள் எல்லாம் இருந்தன. அதனால் ஆளாகப் போகாமல் கூட்டாளியாகப் போனார். உரிமையைத்தான் அந்தப் பேரத்தின் நடுவில் வைத்தார். வானொலிக்கும் நாடு முழுவதற்குமான விநியோகத்துக்கும் பெரிய கம்பெனியின் கை வேண்டும் என்பதை மறுப்பதில் என்ன பெருமை இருக்கிறது? ஆல்பம் அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200இல் நான்காம் இடத்தில் நுழைந்தது, முதல் வாரம் சுமார் 53,000 ஆல்பங்களுக்கு ஈடான கணக்கு. அந்நாளைய விதிப்படி 1500 ஸ்ட்ரீம் ஒரு ஆல்பத்துக்குச் சமம். சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

இதற்குள் ஸ்லாசன் முனையில் வேறு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. 2017 ஜூனில் அந்த முனையில் இருக்கும் வணிக வளாகத்தில் 'மாரத்தான் க்ளோதிங்' கடையை அண்ணனோடு சேர்ந்து திறந்தார். சட்டையில் இருக்கும் குறியீட்டைக் கைபேசிச் செயலியில் பிடித்தால் பாட்டும் காணொளியும் திறக்கும். பாட்டின் மதிப்பைச் சட்டையில் ஏற்றி, சட்டை வாங்க வருபவரைத் திரும்பப் பாட்டுக்குள் இழுக்கும் ஏற்பாடு. ஸ்ட்ரீமிங் தளம் ஒரு பாட்டுக்கு ஒரு செண்டுக்கும் குறைவாகக் கொடுக்கும் காலத்தில், ஒரு டி-ஷர்ட் தரும் லாபத்துக்கு ஆயிரக்கணக்கான முறை பாட்டு ஓட வேண்டும். 2018இல் முதலீட்டாளர் டேவிட் கிராஸோடு சேர்ந்து கிரென்ஷா பகுதியில் 'வெக்டர்90' என்ற கூட்டுப் பணியிடத்தைத் தொடங்கினார், பேட்டைப் பிள்ளைகளுக்கு அறிவியல், கணிதப் பயிற்சியும் அதன் திட்டத்தில் இருந்தது. 2019 தொடக்கத்தில் அந்த வணிக வளாகத்தையே கூட்டாளிகளோடு வாங்கினார். சிடி விற்றதற்காக விரட்டப்பட்ட நிறுத்துமிடமும் அதில் சேர்ந்தது. கீழே கடைகள், மேலே குடியிருப்பு என்று மாற்றிக் கட்டுவது திட்டம்.

அப்போது கிரென்ஷா வழியாகப் புதிய மெட்ரோ ரயில் பாதை வந்துகொண்டிருந்தது. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், வாடகை ஏறும், பழைய ஆட்கள் வெளியேற வேண்டிவரும். கடைகள் இருக்கும் பகுதியில் பாதையை நிலத்தடியில் போடுங்கள் என்று மக்கள் கேட்டார்கள், தெருமட்டத்திலேயே போடப்பட்டது. அந்தப் பாதையோரமாகக் கறுப்பினக் கலைக்கென்று 1.3 மைல் நீளத் திறந்தவெளி அருங்காட்சியகம் அமைக்கும் முயற்சியிலும் நிப்ஸி இருந்தார். நிலம் வாங்கியதும் இந்த வேகத்தைப் பார்த்துத்தான். பேட்டையில் பிறந்து பெயர் வாங்கியவர்கள் முதலில் செய்வது மலைமேல் வீடு வாங்கிப் போவது. இவர் தெருமுனையை வாங்கினார்.

2019 மார்ச் 31 மதியம், அந்தக் கடை வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. சுட்டவர் வெளியூர் எதிரி அல்ல, அதே கும்பல் வட்டத்தில் அறிமுகமானவர். 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2023இல் 60 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை. இறந்ததற்கு மறுநாள், ஏப்ரல் 1 அன்று, கும்பல் வன்முறையைக் குறைப்பது பற்றி லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவரைச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. அன்று அவர் கடைக்கு வந்த காரணமும் சொல்லத்தக்கது. இருபது வருடத்துக்கு மேல் சிறையிலிருந்து அண்மையில் வெளியே வந்த நண்பர் ஒருவருக்கு நல்ல துணி எடுத்துக் கொடுக்க வந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அந்த நண்பருக்கும் குண்டடி பட்டது. சில நாளில் அவரைப் பரோல் விதியை மீறியதாகக் கைது செய்தார்கள். கும்பலோடு தொடர்புடையவருடன் பழகினாராம். அந்தத் தொடர்புடையவர் என்று குறிக்கப்பட்டவர் நிப்ஸி. கூக்குரல் எழுந்த பிறகுதான் விட்டார்கள். கிராமி பரிந்துரை, சொந்த வளாகம், மேயர் முதல் எல்லோரும் பேசும் பெயர், எல்லாம் இருந்தும் அரசுக் கோப்பில் அவர் பதினெட்டு வயதில் எங்கே இருந்தாரோ அங்கேயே இருந்தார். இதை வாசிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

2020 ஜனவரியில் அவர் பெயரில் இரண்டு கிராமி விருதுகள் வந்தன. கிரென்ஷா-ஸ்லாசன் முனைக்கு நகரம் அவர் பெயரைச் சூட்டியது. உயில் எழுதியிருக்கவில்லை. அதனால் மாஸ்டர்கள், கம்பெனிப் பங்குகள், வணிகப் பெயர் எல்லாம் நீதிமன்ற மேற்பார்வைக்குப் போயின, அண்ணன் ஸாமியேல் நிர்வாகியானார். மணமாகாதவர் உயிலின்றி இறந்தால் கலிஃபோர்னியா சட்டப்படி சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும், அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர் இறந்த சில வாரங்களில் கிரிப்ஸ் பெயரில் பதிவான ஒரு நிறுவனம் 'தி மாரத்தான் கன்டினியூஸ்' என்ற அவருடைய முழக்கத்தைத் தன் வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்தது. குடும்பம் வழக்குப் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. பாட்டுகளின் நிலை வேறு. சொந்த லேபிளில் பதிவு செய்து தன் கையில் வைத்துக்கொண்ட ஒலிப்பதிவுகளுக்காக எந்த லேபிளின் வாசலிலும் பிள்ளைகள் போய் நிற்க வேண்டியதில்லை, ராயல்டி அவர்கள் கணக்குக்கு வரும்.